தொம்பை தூங்கிய இரண்டு ஆண்டுகள்: கொள்ளிடக்கரைக் கலம்காரி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொள்ளிடக் கரையில் உள்ள ஒரு ஊரில், கோயில்களுக்குத் துணியில் கலம்காரி ஓவியம் எழுதும் குடும்பம் ஒன்று 2020 மார்ச் முதல் 2022 நடுப்பகுதிவரை எப்படித் தாக்குப்பிடித்தது என்பதே இந்தப் பதிவு. அந்த இரண்டு ஆண்டுகளும் வாரம் ஒருமுறையாவது அங்கே போய்க் கணக்கெழுதிக் கொடுத்தவன் நான். ஓவியம் படித்தவன் என்பதால் வேலையிலும் அவ்வப்போது கைகொடுத்தேன். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் வேலை செய்தவர்கள் ஆறு பேர். அறுபதைத் தாண்டிய பெரியவர், அவர் மனைவி, மகள், மருமகன், தினக்கூலிக்கு வரும் பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர். பெரியவர்தான் கோடு எழுதுவார். மருமகன் துணி எடுப்பது, ஆர்டர் பேசுவது, கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவது. பெண்கள் நால்வரும் வண்ணம் நிரப்புவார்கள், துவைப்பார்கள், காய வைப்பார்கள்.

எழுதுவது பெரும்பாலும் தொம்பை. சாமிக்கு இருபுறமும், தேரிலும், உருளை உருளையாகத் தொங்குமே, அதுதான். அதோடு தேர்ச்சீலை, வாசலில் கட்டும் வாசமாலை, மேலே விதானமாகக் கட்டும் அஸ்மானகிரி, குடைத்துணி. நாயக்கர் காலத்திலிருந்து இந்தப் பகுதியில் இருந்துவரும் தொழில் இது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்குப் போன கோடாலிக்கருப்பூர்ச் சேலையும் இதே கைகளின் உறவுதான். 1855-ல் கடைசி மன்னர் வாரிசின்றி இறந்து, அரண்மனையின் ஆதரவும் போனபின் அந்தச் சேலையும் மெல்ல நின்றுபோனது. ஒரே ஒருவரை நம்பி நெய்யப்பட்ட துணி அது. பெரியவர் இதை அடிக்கடி சொல்வார். அந்தக் கதை தன் வீட்டுக்கும் பொருந்தும் என்று 2020-க்கு முன் அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஆர்டர் வந்த முறையையும் சொல்ல வேண்டும். தை பிறந்ததும் கோயில்காரர்கள் வருவார்கள். தேரின் அளவு, எந்தச் சாமி, எந்த வாகனம் என்பதெல்லாம் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. முன்பணம் அபூர்வம். துணிக்கடையில் கடன் சொல்லிக் காடா என்ற வெளுக்காத பருத்தித்துணி எடுத்து, வேலை முடித்து, திருவிழா முடிந்த பிறகு பணம்.

2020 மார்ச்: கண்டது

மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது கையில் 11 ஆர்டர்கள் இருந்தன. அவற்றில் 6 முடிந்துவிட்டன, 5 பாதியில் நின்றன. எல்லாம் சேர்ந்து 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வரவேண்டியது. துணிக்கடைக் கடன் 42 ஆயிரம். வாங்கியிருந்த முன்பணம் மொத்தமே 9 ஆயிரம்.

முடிந்த துணிகளை வேறு யாருக்கும் விற்க முடியாது. இந்தத் தேரின் உயரத்துக்கு, இந்தக் கோயிலின் தலபுராணத்துக்கு என்று எழுதியவை அவை. பசு பால் சொரியும் லிங்கம் எழுதிய தொம்பை அந்த ஊர்ச் சாமிக்கு மட்டுமே ஆகும். அளந்து தைத்த சட்டை மாதிரி.

முதல் மூன்று வாரம் யாரும் பதறவில்லை. பங்குனி போனால் சித்திரை, சித்திரை போனால் வைகாசி என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது. கூலிக்கு வந்த இரு பெண்களுக்கு ஏப்ரல் கடைசிவரை பாதிக் கூலி கொடுத்தார் பெரியவர். அதற்குமேல் முடியவில்லை. அவர்களில் ஒருவர் நூறு நாள் வேலைக்குப் போனார். இன்னொருவர் காலையில் இட்லி விற்கத் தொடங்கினார்.

ஒரு காரியம் மட்டும் அந்த வீட்டில் நிற்கவில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு மண்பானை இருக்கும். துருப்பிடித்த ஆணி, பழைய லாடம், தகரத்துண்டு, அதோடு வெல்லம், தண்ணீர். இரண்டு மூன்று வாரம் புளித்தால் கருப்புத் தண்ணி தயார். பானைக்குள் அது கருப்பாக இருக்காது, மங்கலான பழுப்புதான். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிக் காயவைத்த துணியில் பட்டதும்தான் கோடு முதலில் சாம்பலாகி, கண்முன்னே கருத்துக்கொண்டு வரும். அந்தப் பானையைப் பெரியவரின் மனைவி ஒருநாள் விடாமல் கிளறிவிட்டார். வேலையே இல்லாத மே மாதத்திலும் வெல்லம் வாங்கச் சொல்லி என்னிடம் 20 ரூபாய் கொடுத்தார்.

முதல் முடிவு: முகக்கவசம்

மே மாத நடுவில் கண்காட்சி வியாபாரி ஒருவர் கலம்காரியில் 500 முகக்கவசம் கேட்டார். எடுக்கலாம் என்று வற்புறுத்தியவன் நான். துணி இருக்கிறது, கை இருக்கிறது, ஊரே முகக்கவசம் தேடுகிறது என்று சொன்னேன். பெரியவர், ‘மூஞ்சிக்குப் போடறதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்.

200 போய்ச் சேர்ந்ததில் 140 திரும்பி வந்தன. கடுக்காயும் பாலும் ஏறிய துணியின் வாடை மூக்கருகே தாங்கவில்லை என்றார்கள். மேல்சட்டையில் யாருக்கும் தெரியாத வாடை அது. வியர்வை பட்டதும் கருப்பு கசிந்து உதட்டோரம் ஒட்டியது. அவசரத்தில் நாங்கள் சரியாக அலசவில்லை என்பதும் உண்மை. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாததால் தொட்டியில் அலசினோம். இந்தத் தொழிலில் தேங்கிய தண்ணீர் ஆகாது. துணியிலிருந்து கழலும் படிகாரமும் கருப்பும் ஓடிப்போக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

நஷ்டம் 6,300 ரூபாய். அந்த நாளில் அது பெரிய தொகை. ஆனால் எனக்கு அதைவிட உறைத்தது வேறு. அந்த வீட்டில் யாரும் செய்ய விரும்பாத பொருளை, நெருக்கடி என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவர்கள் கையில் திணித்திருந்தேன். மருமகன் அதன்பின் இரண்டு மாதம் என் யோசனை எதையும் கேட்கவில்லை. அவர் செய்தது சரி.

ஜூன்: ஆற்றில் தண்ணீர்

2020-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ம் தேதியே குறுவைக்காகத் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. ஊரில் எல்லாருக்கும் நாற்றங்கால் வேலை வந்தது. இந்த வீட்டுக்கு, வாய்க்காலில் தண்ணீர் ஓடியதால் அலசும் வேலை வந்தது. பாதியில் நின்ற 5 துணிகளை முடித்துவிடலாம் என்று பெரியவர் முடிவெடுத்தார். பணம் வராது என்று தெரிந்தும் எடுத்த முடிவு.

மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. ‘கோயிலே பூட்டிக் கெடக்கு மாமா, எதுக்கு இப்ப படிகாரத்தைச் செலவு பண்றீங்க?’ என்றார். பெரியவர் சொன்ன காரணம் எளிமையானது. எழுதாமல் இருந்தால் விரல் இறுகிவிடும், பாதியில் விட்ட துணியில் கடுக்காய் பழுத்து மஞ்சள் மாறிவிடும். இரண்டும் உண்மை. அதோடு, வேலை நடந்த அந்த ஆறு வாரமும் வீட்டில் சண்டை இல்லை. கணக்கில் வராத அந்த வரவையும் பதிவுசெய்கிறேன்.

முடிந்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தோம். இது ஒரு தவறு, பின்னால் வருகிறேன்.

செப்டம்பர் முதல் டிசம்பர்வரை: போராட்டத் துணி

செப்டம்பர் 1-ல் பெரிய கோயில்கள் திறந்தன. திருவிழாக்கள் திறக்கவில்லை. தொம்பைக்கு அழைப்பு வரவில்லை.

அதே மாதம் நாடாளுமன்றத்தில் மூன்று வேளாண் சட்டங்கள் நிறைவேறின. டெல்டாவில் அதற்கு முன்பே போராட்டத்துக்குப் பழகிய நிலம் இருந்தது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்கள், கதிராமங்கலத்து எண்ணெய்க் குழாய் என்று வரிசையாகச் சொல்லலாம். 2020 பிப்ரவரியில்தான் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் ஆகியிருந்தது. நவம்பர் கடைசியில் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்ததும் இங்கேயும் கடைத்தெருக்கள் சூடாயின.

நவம்பர் 30 அன்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் இந்த வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த வாரப் போராட்டத்துக்கு 12 அடி நீளத்தில் மூன்று துணி வேண்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் வாசகத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்களாம். வந்தவர்களில் இருவர் அந்த வீட்டுக்கு நெல் தருகிறவர்கள்.

வயதானவர் தயங்குவார், இளையவர் துணிவார் என்று எதிர்பார்த்தேன். நேர்மாறாக நடந்தது. மருமகன், ‘வேணாம் மாமா. நாளைக்குக் கோயில் திறந்து கூப்பிடறப்ப, கட்சி வேலை பாக்கறவங்கன்னு பேர் வந்துடும்’ என்றார். ஊரடங்கு விதிகள் முழுதாய் நீங்காத காலம், கூட்டத்துக்கு அனுமதி இல்லை, வழக்கு வந்தால் யார் அலைவது என்றும் கேட்டார். பயம் நியாயமானது. பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘ஊரடங்குல நமக்கு நெல்லு குடுத்தவங்க வந்து கேக்கறாங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது, மாப்ளே? நீங்களே சொல்லுங்க’ என்றார்.

இரவு எட்டு மணிக்கு முடிவானது இது: எழுதுவது, ஆனால் சாமி உருவமோ கோயில் அலங்காரமோ ஒன்றும் சேர்க்கக்கூடாது. கட்சிக் கொடி, சின்னம் வேண்டாம். வாசகமும் ஓரத்தில் நெற்கதிரும் போதும். யார் எழுதியது என்று எங்கும் இருக்காது. துணி விலை மட்டும் வாங்கிக்கொள்வது.

அடுத்த சிக்கல் எழுத்து. பெரியவருக்கு உருவம் வரும், பெரிய எழுத்து வராது. சாமி பெயரைச் சின்னதாக உருவத்தின் காலடியில் எழுதிப் பழகிய கை, அடி உயர எழுத்தில் தடுமாறியது. முதல் துணியில் ‘உழவு’ என்ற சொல் வரிசை இறங்கிக் கோணிப்போனது. அப்போது மகள் எழுதுகோலை வாங்கினார். மூங்கில் குச்சி, நுனிக்கு மேலே நூல் சுற்றிய உருண்டை. உருண்டை கருப்பைக் குடித்து வைத்திருக்கும், விரலால் அழுத்த அழுத்த நுனிக்கு இறங்கும். ‘ழ’வின் கீழ்ச் சுழியில்தான் எல்லாரும் தவறுவார்கள். மெதுவாகப் போனால் கருப்பு தேங்கிப் பரவும், வேகமாகப் போனால் கோடு அறுந்துவிடும். அவர் முழங்கையைத் தரையில் ஊன்றாமல், தோளிலிருந்து கையைச் சுழற்றி, ஒரே முக்கலில் அந்தச் சுழியை முடித்தார். மார்கழி வாசலில் ஏழெட்டடிக் கோலம் இழுக்கிற அதே கை. இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் வண்ணம் மட்டுமே நிரப்பிய பெண். கோடு எழுத அவரை யாரும் கேட்டதில்லை.

மழை பெரிய எதிரியாக இருந்தது. நிவர் புயல் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, புரெவி புயல் வந்து டெல்டாவை ஊறவைத்தது. சிவப்பு ஏற்றுவதென்றால் படிகாரம், காய்ச்சுதல், அலசல், வெயில் எல்லாம் வேண்டும். அதனால் கருப்பு மட்டும் என்று முடிவெடுத்தோம். கடுக்காய் மஞ்சளில் கருப்பு எழுத்து. கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டுத் தேய்ப்புப்பெட்டியால் பின்பக்கமாய்த் தேய்த்துக் காயவைத்தோம். பானையை மே மாதத்தில் கிளறாமல் விட்டிருந்தால் இந்த வேலைக்குக் கருப்பே இருந்திருக்காது. புதிதாகப் போட்டுப் புளிக்க வைக்க எட்டு நாள் போதாது.

டிசம்பர் 8 பாரத் பந்த் அன்று மூன்றும் கடைத்தெருவில் நின்றன. சரியாக அலசாத துணி, தூறலில் கொஞ்சம் கசிந்தது. பிடித்திருந்தவர் சட்டையில் கருப்பு வழிந்திருந்ததைப் புகைப்படத்தில் பார்த்தேன்.

பிறகு வந்தவை

படம் வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. பெயர் போடாதது ஒன்றுக்கும் உதவவில்லை. அந்தக் கோட்டை எழுத அந்த வட்டாரத்தில் வேறு வீடு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். போலீஸார் மருமகனை ஒருநாள் வரச்சொல்லி, யார் கொடுத்த வேலை என்று விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். வழக்கு இல்லை. ஆனால் வழக்கமாக வரும் ஒரு கோயில் நிர்வாகத்திலிருந்து, ‘அரசியல் வேலையெல்லாம் எடுக்கறீங்களாமே’ என்று தொலைபேசி வந்தது. அந்தக் கோயில் இன்றுவரை திரும்ப அழைக்கவில்லை. மருமகன் சொன்ன அபாயம் அப்படியே நடந்தது.

இன்னொரு அழைப்பும் வந்தது. மரபு நெல் பயிரிடும் விவசாயி ஒருவர், அந்த ஓரத்து நெற்கதிரைப் பார்த்துவிட்டு, ஒன்பது ரக நெல்லை ஒரே துணியில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம், கிச்சிலிச் சம்பா எல்லாம் கதிரோடு கொண்டுவந்து வைத்தார். கதிர் சாய்கிற சாய்வு, மணியின் நுனியில் இருக்கிற மூக்கு, தோகையின் அகலம் எல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும் என்று பெரியவர் ஒரு மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டார். 2021 பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. வீட்டுக்குள் நெல்லை வரைந்துகொண்டிருந்தோம், வெளியே அது அழுகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வாரம் மறக்காது.

மூன்றடிக்கு இரண்டடி, விலை 1,800 ரூபாய். 2021 முழுவதும் 14 போயின. பெரிய வருமானம் இல்லை. ஆனால் ஒரு கோயிலுக்கென்று கட்டுப்படாத முதல் பொருள் அது. யார் சுவரிலும் மாட்டலாம்.

2021 மே

ஏப்ரலில் திருவிழாக்களுக்கு மறுபடி தடை, மே 10-ல் மறுபடி முழு ஊரடங்கு. மே மூன்றாம் வாரத்தில் பெரியவருக்குக் காய்ச்சல். 11 நாள் மருத்துவமனையில் ஆக்ஸிஜனில் இருந்தார். பிழைத்து வந்தார். ஆனால் தரையில் குனிந்து உட்கார்ந்து எழுத மூச்சு இடம் தரவில்லை, பத்து நிமிடத்தில் கை நடுங்கியது.

கோடு எழுத வேறு யார் என்ற கேள்வி வந்தபோது, மருமகன் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிடலாம் என்றார். போராட்டத் துணியில் மகளின் எழுத்தைக் கண்ணால் பார்த்திருந்தும் நான் அதற்குத் தலையாட்டினேன். ‘நான் எழுதறேன்’ என்று மகள் சொன்னார். பெரியவர் கட்டிலில் படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார். யாளியின் முதுகு எங்கே வளையும், மயிலின் கழுத்தில் எத்தனை வரி என்பதை மகள் கைபேசியில் பதிவுசெய்துகொண்டு, எழுதும்போது காதில் போட்டுக்கேட்டார். முதல் நாலு துணி விற்கிற மாதிரி இல்லை. ஐந்தாவது துணியைப் பெரியவர் விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ‘மயிலு கொஞ்சம் தடிச்சிருக்கு. பரவால்ல’ என்றார்.

வேலையிடத்தையும் மாற்றினோம். தரையில் விரித்து எழுதுவதற்குப் பதில் பழைய கதவு ஒன்றைச் சாய்வாக முட்டுக்கொடுத்து மேசையாக்கினோம். பெரியவர் இப்போது அதில் அரைமணி நேரம் எழுதுகிறார். கருப்பு சாய்வில் இறங்கும் என்பதால் நூலை இறுக்கிச் சுற்ற வேண்டியிருந்தது, அதற்குப் பழக ஒரு மாதம் ஆனது.

விளைவு

2021 செப்டம்பரில் கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தொலைபேசி விசாரிப்புகள் கூடின, விலை உடனே கூடவில்லை. நவம்பர் கடைசியில் வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

2022-ல் திருவிழாக்கள் திரும்பின. பழைய 11 ஆர்டரில் 7 உயிர்பெற்றன. பெட்டியைத் திறந்தபோது இரண்டு தொம்பை, மடிப்பில் கருப்புக் கோடு தடித்த இடங்களில் நைந்து, இழுத்தால் கிழிகிற நிலையில் இருந்தன. இரும்புக் கருப்பு நாளாக நாளாக நூலை அரிக்கும். ஈரப்பதமும் மடிப்பும் சேர்ந்தால் சீக்கிரம் அரிக்கும். உருளையில் சுற்றி, இடையில் பழைய வெள்ளைத்துணி வைத்திருக்க வேண்டும்.

இப்போது பாதி முன்பணம் வாங்காமல் துணி எடுப்பதில்லை. ஒரு கோயில் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது, மற்றவை முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தன. கூலிப் பெண்களில் இட்லிக்கடை வைத்தவர் திரும்பவில்லை. மற்றவர் வந்தார், நாளுக்கு 350 ரூபாய் பேசி.

மறுபடி நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

போராட்டத் துணியை எழுதியது சரியென்றே நினைக்கிறேன், ஒரு கோயில் போனதைத் தெரிந்துகொண்டும். ஆனால் துணி விலைக்கு மட்டும் எழுதியது தவறு. பெரியவரின் தாராளத்தில் வீட்டுப் பெண்களின் எட்டு நாள் உழைப்பு கூலியில்லாமல் போனது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சங்கத்துக்காரர்களிடம் சொல்லியிருந்தால் நெல்லாகவாவது கொடுத்திருப்பார்கள்.

பெயர் போடாமல் விட்டதையும் மாற்றுவேன். மறைக்க முடியாததை மறைக்க முயன்றதால் பழி வந்தது, பேர் வரவில்லை. இதில் மருமகன் என்னோடு ஒத்துப்போகவில்லை. பெயர் இருந்திருந்தால் இன்னும் இரண்டு கோயில் போயிருக்கும் என்கிறார்.

முகக்கவசம் போன்ற வேலை வந்தால் 10 மட்டும் செய்து, வீட்டில் உள்ளவர்களே ஒருநாள் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் எடுக்க வேண்டும்.

என் கணக்கு நோட்டைத் திரும்பப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. 2020 மார்ச்சிலிருந்து 2021 டிசம்பர்வரை கூலிப் பத்தியில் மகளின் பெயரே இல்லை. வீட்டு ஆள் என்பதால் எழுதவில்லை. 2022 தை மாதத்திலிருந்து கோடு எழுதும் நாளுக்கு 600 ரூபாய் என்று அவர் பெயரில் எழுதுகிறோம். அந்த நோட்டு இப்போது அவரிடமே இருக்கிறது.